மூணு தலகாணி

எங்கம்மா விழலை. இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கேட்டவங்க எல்லாரும் "எப்படி விழுந்தாங்க"ன்னுதான் கேட்டாங்க. விழவே இல்ல. 2023 ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஆபீஸ் போயாச்சு, அம்மா வாழைப்பூ ஆயலாம்னு கூடத்துல பேப்பரை விரிச்சுத் தரையில உக்காந்திருக்காங்க. வாழைப்பூ பத்தித் தெரியும்ல, ஒவ்வொரு பூவா கள்ளனை உருவி முடிக்கறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிரும். முடிச்சுட்டு எந்திரிக்கப் பாத்தா முடியல. வலி ஒண்ணும் இல்ல, கால் மரத்துக்கூடப் போகல, உடம்பு சும்மா மேல வரவே மாட்டேங்குது. அவ்வளவுதான்.

போன் டைனிங் டேபிள் மேல. ஒரு மணிக்கு நான் வழக்கம்போல கூப்பிட்டேன், எடுக்கல, தூங்குறாங்கன்னு நெனச்சுட்டு நான் என் வேலையைப் பாத்தேன். அது அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டே அம்மா பத்தடி தூரத்துல தரையில உக்காந்திருந்திருக்காங்க. அப்புறம் கையை ஊனி ஊனி நகந்தே வாசக்கதவு வரைக்கும் போயி, ரெண்டே கால் மணிக்கு மாடி வீட்டுப் பொண்ணு படி இறங்குற சத்தம் கேட்டு கதவைத் தட்டியிருக்காங்க. மூணு மணி நேரத்துக்கு மேல. புடவையெல்லாம் நனைஞ்சு போச்சு, அதைத்தான் அம்மாவால தாங்க முடியல. ராத்திரி என்கிட்ட சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தப் பொண்ணு பாத்துருச்சுடி."

இதுல எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, அம்மா நல்லா நடப்பாங்க. தினமும் காலையில அரை மணி நேரம் நடந்து கோயிலுக்குப் போயிட்டு வர்றவங்க. சுகர் கொஞ்சம், பிரஷர் மாத்திரை ஒண்ணு, 78 வயசுக்கு இது ஒண்ணுமே இல்ல. "உங்கம்மா இந்த வயசுல எப்படி நடக்குறாங்க பாரு"ன்னு தெருவே சொல்லும். நடக்குறவங்களுக்கு எந்திரிக்க முடியல.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். எக்ஸ்ரே எடுத்தாங்க. தேய்மானம், வயசுக்கு சகஜம், இனிமே கீழ உக்கார வேண்டாம், நடையை விடாதீங்க, ஒரு கால்சியம் மாத்திரை. அஞ்சு நிமிஷம். நாங்களும் சொன்னதை அப்படியே செஞ்சோம், சொன்னதுக்கு மேலயே செஞ்சோம்னு சொல்லணும். சோபா உயரம் பத்தலைன்னு அடியில கட்டை வெச்சோம். குளிக்கிறதுக்கு பிளாஸ்டிக் சேர். பூஜை அலமாரியை நின்னுக்கிட்டே கும்பிடுற மாதிரி மேல மாத்தினோம். பாத்திரம், பெருக்கறது எல்லாத்துக்கும் ஆள். அம்மா ஒரு குடம் தண்ணி நகத்தினாக்கூட "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்". பாசத்துல பண்ணதுதான் எல்லாம். மூணு மாசத்துல, ஐப்பசி வரும்போது, அம்மாவுக்கு சேர்லேர்ந்து எந்திரிக்கவே கை கொடுக்க வேண்டியதாப் போச்சு.

அப்போதான் கூட வேலை பாக்குற ஒருத்தங்க சொல்லி ஒரு பிசியோ பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும், ஸ்கூட்டில வரும், ஒரு தடவைக்கு 400 ரூபாய். வந்த உடனே எக்ஸ்ரேயைக் கேக்கல. டைனிங் சேரை எடுத்து செவுத்துல முட்டுக் கொடுத்துப் போட்டுச்சு. "பாட்டி, கையை நெஞ்சுல குறுக்க கட்டிக்கோங்க, நான் சொன்னதும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காரணும், 30 செகண்ட், எத்தனை தடவை வருதுன்னு பாப்போம்." அம்மா ரெண்டு தடவை முன்னாடி சாஞ்சு பாத்தாங்க, வரல. கையை ஊனி ஒருதடவை எந்திரிச்சாங்க. கை ஊனினா கணக்குல சேராதாம். ஜீரோ. 75லேர்ந்து 79 வயசு வரைக்கும் பொம்பளைங்களுக்கு 10க்குக் கீழ வந்தாலே விழுற ஆபத்து ஜாஸ்தின்னு அர்த்தமாம். எங்களுக்கு ஜீரோ.

அப்புறம் என்னைப் பாத்து "மேடம் நீங்களும் பண்ணுங்களேன்"னுச்சு. எனக்கு அப்போ 56. சிரிச்சுக்கிட்டே உக்காந்தேன். 11. மூச்சு வாங்குது, தொடை எரியுது. 60 வயசுக்காரங்களுக்கே 12 வரணுமாம். அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம நோட்டுல எழுதிக்கிச்சு. அந்த அமைதி இருக்கே, அதுக்கு திட்டியிருக்கலாம்.

அன்னிக்கு அது சொன்னதையும் அதுக்கப்புறம் நானா தேடிப் படிச்சதையும் சேத்து எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நமக்கு முப்பது வயசு தாண்டினதுலேர்ந்தே தசை கொஞ்சம் கொஞ்சமா கரைய ஆரம்பிக்குது, பத்து வருஷத்துக்கு 3லேர்ந்து 8 சதவீதம் வரைக்கும்னு சொல்றாங்க, அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. இதுல வேடிக்கை என்னன்னா வெயிட் மெஷின்ல இது தெரியவே தெரியாது, ஏன்னா தசை போன இடத்துல கொழுப்பு வந்து உக்காந்துக்கும், அம்மா இருபது வருஷமா அதே 52 கிலோதான். இதுக்கு சார்கோபீனியான்னு பேரே 1989லதான் வெச்சாங்க, இர்வின் ரோசன்பர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் வெச்சது, கிரேக்கத்துல சதைக் குறைவுன்னு அர்த்தம். நோயா கணக்குல எடுத்து அமெரிக்காவுல நோய்ப் பட்டியல்ல அதுக்குன்னு தனி குறியீட்டு எண் கொடுத்ததே 2016ல. அதுவரைக்கும் எல்லா ஊர்லயும் நம்ம டாக்டர் சொன்ன அதே பதில்தான், வயசாயிடுச்சுல்ல.

எல்லாத் தசையும் ஒரே மாதிரி போறதும் இல்ல. மெதுவா ரொம்ப நேரம் வேலை செய்யற நார் ஒரு வகை, சட்டுனு வேகமா வேலை செய்யற நார் ஒரு வகை. வயசானா முதல்ல சுருங்குறது இந்த ரெண்டாவது வகை. கால் தடுக்கினா அடுத்த காலை டக்குனு முன்னாடி வெச்சு நம்மளைப் பிடிக்கிறது இதுதான், தரையிலேர்ந்து உடம்பை மொத்தமா தூக்குறதுக்கு வேண்டியதும் இதுதான். கோயிலுக்கு நடக்கும்போது இதுக்கு வேலையே இல்ல. அதான் முப்பது வருஷமா நடந்தும் அம்மாவால எந்திரிக்க முடியல. நடை வேண்டாம்னு சொல்ல வரல, இதயத்துக்கும் சுகருக்கும் மனசுக்கும் நல்லதுதான். ஆனா நம்ம ஊர்ல எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாக்கிங் போங்கங்கறதோட கதை முடிஞ்சுடுது. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதுலயே வாரத்துக்கு 150 நிமிஷத்துலேர்ந்து 300 நிமிஷம் நடை மாதிரி ஏதாவது, அதோட ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, 65க்கு மேலன்னா பேலன்ஸும் பலமும் சேந்த பயிற்சி மூணு நாள்னு தெளிவா இருக்கு. முதல் பாதியை மட்டும் நமக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துட்டாங்க போல.

சரி, தலகாணிக்கு வர்றேன். அந்தப் பொண்ணு பண்ண வேலை இதுதான். அதே டைனிங் சேர், அது மேல மூணு தலகாணி. உயரமா இருக்கறதால அம்மாவால கை ஊனாம எந்திரிக்க முடிஞ்சது. அஞ்சு தடவை. ரெஸ்ட். திரும்ப அஞ்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். அஞ்சு சுலபமானதும் எட்டு, எட்டு சுலபமானதும் ஒரு தலகாணியை எடுத்துடும், திரும்ப அஞ்சுலேர்ந்து. ஜிம்ல வெயிட்டைக் கூட்டிக்கிட்டே போறதுக்கு என்னவோ பெரிய இங்கிலீஷ் பேரெல்லாம் வெச்சிருக்காங்க, எங்க வீட்டுல அது தலகாணியைக் குறைக்கறது. தத்துவம் ஒண்ணுதான், கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும், சுலபமாயிட்டா மாத்தணும். பத்து வருஷம் அதே ரெண்டு கிலோவை ஆட்டிக்கிட்டே இருந்தா பத்து வருஷமும் அதே பலம்தான்.

இது தவிர கிச்சன் மேடையைப் பிடிச்சுக்கிட்டு பால் பொங்குற வரைக்கும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கறது. செவுத்துல கை வெச்சு தண்டால் மாதிரி. வாசப்படில ஒரு கால் வெச்சு ஏறி இறங்குறது, பக்கத்துல நான் நிக்கணும். துணிப்பையில ஒரு கிலோ அரிசியைப் போட்டு தொங்கவிட்டுக்கிட்டு கூடத்துல நடக்கறது, அப்புறம் ரெண்டு கிலோ, இப்போ கைக்கு மூணு மூணு கிலோ. அவ்வளவுதான் மொத்த சாமானும். அம்மா முதல் ரெண்டு வாரம் "இது என்ன ஸ்கூல் பிள்ளைக்கு தோப்புக்கரணம் மாதிரி"ன்னு முனகுனாங்க. மூணாவது வாரம் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி பென்சிலால எண்ணிக்கை எழுத ஆரம்பிச்சாங்க. பால்கணக்கு எழுதுன பழக்கம்.

முதல் மாசத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது, அதுக்குள்ள சதை வளந்திருக்காது. ஆரம்பத்துல வர்ற பலம் பெரும்பாலும் நரம்பு தசையைக் கூப்பிடக் கத்துக்கறதுனால வர்றதாம், இருக்குற ஆளுங்களையே முழுசா வேலைக்கு வரச் சொல்ற மாதிரி. சதை அதுக்கப்புறம் மெதுவா வரும்.

இந்த நேரத்துலதான் தம்பி பெங்களூர்லேர்ந்து போன்ல குதிச்சான். "78 வயசுல வெயிட் தூக்க வெக்கிறியா, ஏதாவது ஆனா யாரு பாக்கறது?" இதுல அவனோட பயம் பாதி, அவன் மனைவி கேட்டது பாதின்னு எனக்குத் தெரியும். அவன் பங்குக்கு மாசா மாசம் ஒரு பெரிய டின் ஹெல்த் டிரிங்க் அனுப்புவான், வயசானவங்களுக்குன்னு போட்டிருக்கறது, ஆயிரத்துச் சொச்சம் விலை. அவனுக்காகத்தான் நான் அமெரிக்காவுல பாஸ்டன்ல நடந்த ஒரு ஆராய்ச்சியைத் தேடி எடுத்தேன்.

1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் மறுவாழ்வு மையத்துல, மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டர் பத்துப் பேரை வெச்சுப் பண்ண ஆராய்ச்சி. வயசு 86லேர்ந்து 96. எல்லாம் அங்கேயே தங்கியிருக்கறவங்க, நிறைய நோய் இருக்கறவங்க. அவங்களுக்கு எட்டு வாரம் கால் தசைக்கு பயிற்சி, அதுவும் பேருக்கு இல்ல, அவங்களால அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ அதுல 80 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு. ரெண்டு பேர் கைத்தடியை விட்டுட்டாங்க. கை ஊனாம சேர்லேர்ந்து எந்திரிக்க முடியாதவங்க மூணு பேர் இருந்தாங்க, அதுல ஒருத்தருக்கு முடிஞ்சுது. மூணுல ஒண்ணு, பாத்துக்கோங்க, எல்லாருக்கும் அதிசயம் நடக்கல. ஆனா தொண்ணூறு வயசுல தசை இன்னும் பேச்சைக் கேக்குதுங்கறது அன்னிக்கு டாக்டர்களுக்கே புதுசு.

அதே குழு 1994ல நூறு பேரை வெச்சு இன்னும் பெருசா பண்ணாங்க, சராசரி வயசு 87. சில பேருக்கு பயிற்சி மட்டும், சில பேருக்கு சத்து பானம் மட்டும், சில பேருக்கு ரெண்டும், சில பேருக்கு ரெண்டும் இல்ல. பயிற்சி பண்ணவங்களுக்கு பத்து வாரத்துல பலம் ரெண்டு மடங்குக்கு மேல, படி ஏறுறது, நடை வேகம் எல்லாம் கூடிச்சு. சத்து பானம் மட்டும் குடிச்சவங்களுக்கு ஒண்ணும் பெருசா நடக்கல. இதை அப்படியே வாய்ஸ் மெசேஜ்ல தம்பிக்கு சொன்னேன். ரெண்டு நாள் பதில் இல்ல. அடுத்த மாசம் டின் வரல, அதுக்குப் பதிலா 2000 ரூபாய் ஜிபே வந்துச்சு, பிசியோவுக்குன்னு.

அவன் முழுசா மனசு மாறுனது ஆனா அப்போ இல்ல. 2024 மே மாசம் பொள்ளாச்சி கிட்டம்மாள் பாட்டி நியூஸ் வந்துச்சுல்ல, 82 வயசு, கோயம்புத்தூர்ல நடந்த பளு தூக்குற போட்டியில தரையிலேர்ந்து 50 கிலோ வெயிட்டைத் தூக்குன (டெட்லிஃப்ட்னு சொல்றாங்க) வீடியோ, பேரப்பசங்க வீட்டுல எக்சர்சைஸ் பண்றதைப் பாத்து ஆரம்பிச்சவங்க. அதை அவனே குடும்ப குரூப்ல போட்டான், கீழ "அம்மா அடுத்தது நீதான்"னு. ஆராய்ச்சி சொன்னா கேக்காதவன் வாட்ஸப் சொன்னா கேக்குறான்.

எனக்கு இதுல ஒரு யோசனை ஓடுது. பளு தூக்கறதுங்கறது நமக்குப் புதுசா என்ன? கல்யாணத்துக்கு முன்னாடி இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டணும்னு வெச்சிருந்த ஊரு. திருநெல்வேலி பக்கம் வடலிவிளையில இன்னிக்கும் பொங்கலுக்கு கல்லைத் தூக்கித் தோள்ல போட்டுப் பின்னாடி தள்ளுற போட்டி நடக்குது, பொம்பளைங்களும் கலந்துக்கறாங்க. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி எல்லாம் நம்ம வார்த்தைதான். ஆனா பாருங்க, அது அத்தனையும் இளவட்டத்துக்கு. பேர்லயே இருக்கு. கல்யாணம் ஆனதும் கல்லுக்கும் நமக்கும் சம்பந்தம் முடிஞ்சுது, அறுபது ஆனதும் உக்காந்து சாப்பிடறதுதான் மரியாதை. தூக்கணும்னா பயில்வான், இல்லன்னா மூட்டை தூக்குறவர், ரெண்டுமே நாம இல்ல.

உடனே "அந்தக் காலத்துல அம்மி, ஆட்டுக்கல், உலக்கை, கிணத்துல தண்ணி சேந்துறது, அதான் நம்ம பாட்டிங்கல்லாம் கல்லு மாதிரி இருந்தாங்க"ன்னு கிளம்பிடாதீங்க. எங்க பாட்டி உரல்ல நெல்லு குத்துனவங்கதான், அறுபத்தஞ்சுல கூன் விழுந்து தரையைப் பாத்து நடந்தாங்க. ஓய்வு இல்லாத, வயித்துக்கு சரியா இல்லாத, எட்டு பிள்ளை பெத்த உடம்புல ஏத்துன பாரம் அது, பயிற்சி ஆகாது. ஆனா ஒண்ணு நிஜம். மிக்சி, கிரைண்டர், மோட்டார், லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட்னு ஒவ்வொண்ணா பாரத்தை எறக்கி வெச்சோம், சந்தோஷம், எனக்கு ஆட்டுக்கல் திரும்ப வேண்டவே வேண்டாம், ஆனா எறக்கி வெச்ச இடத்துல வேற எதையும் நாம வைக்கல.

என் கதைக்கு வர்றேன். 11ன்னு நோட்டுல எழுதுனது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எலும்பு ஸ்கேன் எடுத்தேன், டி ஸ்கோர் மைனஸ் 1.8, எலும்பு மெலிய ஆரம்பிச்சிருக்கு, மாதவிடாய் நின்னு ஆறு வருஷம் ஆச்சே. பக்கத்துத் தெருவுல ஒரு ஜிம்ல சேந்தேன். உள்ள போன உடனே பாட்டு சத்தம் காதைக் கிழிக்குது, எல்லாம் இருபது வயசுப் பசங்க, சுவத்துல முழுக்கக் கண்ணாடி, நான் சுடிதார்ல. டிரெய்னர் தம்பி ஓடி வந்து "ஆன்ட்டி, வெயிட் லாஸா?"ன்னாரு. இல்லப்பா, பலம் வேணும்னு சொன்னேன். அவருக்கு அது ஒரு பதிலாவே படல. டிரெட்மில்ல ஏத்திவிட்டு, அப்புறம் ஒரு ரோஸ் கலர் டம்பெல்லைக் கொடுத்தாரு, ஒரு கிலோ. தம்பி, நான் தினமும் லேப்டாப், சாப்பாட்டுப் பை, தண்ணி பாட்டில்னு ஆறு கிலோ தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறவ. மூணு வாரம் இப்படியே போச்சு, நாலாவது வாரம் வேற ஜிம் மாத்துனேன், அங்க ஒரு பொண்ணு சொல்லிக் கொடுக்குது, அதுகிட்ட எலும்பு ரிப்போர்ட்டைக் காட்டுனதும் விஷயம் புரிஞ்சுது.

ஆஸ்திரேலியாவுல எலும்பு மெலிஞ்ச பொம்பளைங்க 101 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி, 2018ல வந்தது. வாரத்துக்கு ரெண்டு நாள், அரை அரை மணி நேரம், எட்டு மாசம். ஒரு பிரிவுக்கு நல்ல கனமான வெயிட், பக்கத்துலயே ஆள் நின்னு கவனிச்சு. இன்னொரு பிரிவுக்கு வீட்டுல லேசான பயிற்சி. கனமா தூக்குனவங்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்போட அடர்த்தி 2.9 சதவீதம் கூடிச்சு, லேசா பண்ணவங்களுக்கு 1.2 சதவீதம் குறைஞ்சுது. நம்ம ஊர்ல எலும்பு தேஞ்சவங்ககிட்ட முதல்ல சொல்றது வெயிட் தூக்காதீங்கன்னுதான். சொல்றதுல நியாயம் இருக்கு, தப்பாத் தூக்குனா உடையும். ஆனா அந்த வாக்கியத்துக்கு ரெண்டாவது பாதி ஒண்ணு இருக்கு, சரியா தூக்கக் கத்துக்கோங்கன்னு.

பத்து கிலோ கெட்டில்பெல்ல, அதான் கைப்பிடி வெச்ச இரும்புக் குண்டு, அதுல ஆரம்பிச்சேன். அதைத் தரையிலேர்ந்து எடுக்கக் கத்துக்கறதுக்கே மூணு மாசம் போச்சு, முதுகை வளைக்காம இடுப்பை மடிச்சு. இப்போ 45 கிலோ அஞ்சு தடவை. எடை குறைஞ்சுதான்னு கேக்காதீங்க, ரெண்டு கிலோ கூடியிருக்கேன். என்ன மாறுச்சுன்னா, கேஸ் சிலிண்டர்காரர் கேட் கிட்டயே வெச்சுட்டுப் போயிடுவாரு, முன்னாடில்லாம் சாயந்தரம் யாராவது பசங்க வர்ற வரைக்கும் காத்திருப்பேன். நிறைஞ்ச சிலிண்டர்னா கேஸ் 14.2, காலி சிலிண்டர் பதினஞ்சு சொச்சம், மொத்தம் கிட்டத்தட்ட 30 கிலோ. இப்போ நானே தூக்கிட்டு வந்து வெச்சுடுறேன். முதல் தடவை தூக்குன அன்னிக்கு யாராவது பாத்தாங்களான்னு திரும்பிப் பாத்தேன். யாரும் பாக்கல. கொஞ்சம் ஏமாத்தமா இருந்துச்சு.

சாப்பாடு பத்தி சொல்லாம விட்டா பாதிக் கதைதான். அம்மாவோட ஒரு நாள் சாப்பாட்டை அந்த பிசியோ பொண்ணு எழுதச் சொல்லுச்சு. காலையில மூணு இட்லி, சட்னி. மத்தியானம் ஒரு கரண்டி சாதம், சாம்பார், ரசம், கூட்டு. சாயந்தரம் காபி, ரெண்டு மேரி பிஸ்கட். ராத்திரி ரெண்டு இட்லி, மோர். கூட்டிப் பாத்தா புரதம் 30 கிராமைத் தாண்டல. 52 கிலோ இருக்குற வயசானவங்களுக்கு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேணும், 1.2 வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க, அப்போ 52லேர்ந்து 62. பாதிதான் போயிட்டிருந்திருக்கு. செங்கல் இல்லாம கொத்தனாரை மட்டும் வரச்சொன்ன மாதிரி.

பவுடர் எதுவும் வாங்கல. காலையில இட்லியோட ஒரு முட்டை, செவ்வாய் வெள்ளி சனி கிடையாது, கிருத்திகை கிடையாது, புரட்டாசி மொத்தமும் கிடையாது, அந்த நாள்ல பனீர். மேரி பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டல், பல்லுக்கு ஒத்துக்கலன்னா பாசிப்பயறு குழைய வேகவெச்சு. சாம்பார்ல தண்ணியைக் குறைச்சு பருப்பைக் கூட்டினோம், இதுக்குத்தான் வீட்டுல பெரிய சண்டை, சாம்பார்னா எப்படி இருக்கணும்ங்கறதுல அம்மா விட்டுக்கொடுக்கவே மாட்டாங்க. ராத்திரி மோருக்குப் பதிலா கெட்டித் தயிர். கிட்னியில பிரச்சினை இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு நீங்களா கூட்டிக்காதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

2024 ஜூன்ல, ஏழாவது மாசம், அம்மா தரையில உக்காந்து எந்திரிச்சாங்க. அதையும் நேரா பண்ணிடல. முதல்ல கட்டிலைப் பிடிச்சு ஒரு முட்டி போடறது, அப்புறம் ரெண்டு முட்டி, அப்புறம் கையை ஊனி பக்கவாட்டுல உக்கார்றது, அதே வழியில திரும்பி வர்றது. எந்திரிக்கறதை மேலேர்ந்து கீழ கத்துக் கொடுத்துச்சு அந்தப் பொண்ணு. முட்டி தேஞ்சவங்க எப்படி முட்டி போடறதுன்னு நானும் கேட்டேன். அடியில தடியா மெத்தை போட்டுச்சு. தேய்மானத்துக்கே முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்தறதுதான், மூட்டு தாங்க வேண்டிய பாரத்துல கொஞ்சத்தை தசை வாங்கிக்கும்னுச்சு. வலி இருக்கு, இன்னும் இருக்கு, மழைக்காலத்துல ஜாஸ்தி. முன்னாடி வலியும் இருந்துச்சு, எந்திரிக்கவும் முடியல. இப்போ வலி மட்டும்.

அப்புறம் ஐப்பசில காய்ச்சல். வைரல்தான், ஆனா பத்து நாள் படுக்கை. கஞ்சி, ரசம் சாதம். நாங்களும் பழைய ஞாபகத்துல பாத்ரூமுக்குக்கூட தாங்கித் தாங்கிக் கூட்டிட்டுப் போனோம். காய்ச்சல் விட்டு சேர்ல உக்கார வெச்சா, தலகாணி இல்லாம வரல. ரெண்டு வேண்டியிருந்துச்சு. அம்மா காலண்டர் தாளை எடுத்து மேஜைக்குள்ள போட்டு மூடிட்டாங்க. நான் அன்னிக்கு ராத்திரி அழுதேன்.

அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆரோக்கியமா இருக்குற 67 வயசுக்காரங்களையே பத்து நாள் படுக்க வெச்சுப் பாத்திருக்காங்க, 2007ல வந்த ஆராய்ச்சி, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருக்கு. பாஸ்டன்ல அந்தத் தொண்ணூறு வயசுக்காரங்களும் பயிற்சியை நிறுத்தி நாலு வாரத்துல 32 சதவீதம் பலத்தை இழந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பெரியவங்க ஏன் வீல்சேர்ல திரும்பி வர்றாங்கன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது. நோய் ஒரு பக்கம் சாப்பிடும், கட்டில் ஒரு பக்கம் சாப்பிடும். டாக்டர் வேண்டாம்னு சொன்னாலொழிய, காய்ச்சல்லயும் ஒரு வேளைக்கு நாலு தடவையாவது எந்திரிச்சு உக்கார வெச்சிருக்கலாம். அடுத்த தடவை அப்படித்தான் பண்ணப்போறேன், அடுத்த தடவை வரக்கூடாது, வரும்.

ரெண்டு தலகாணிலேர்ந்து திரும்ப ஆரம்பிச்சோம். போன தடவை மூணு மாசம் ஆனது இந்தத் தடவை ஏழு வாரத்துல வந்துருச்சு. தைப்பொங்கலுக்கு வாசல்ல உக்காந்து கோலத்துக்கு காவி கட்டுனாங்க.

ஆரம்பிக்கணும்னு நெனைக்கறவங்களுக்கு சில விஷயம். தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீங்க, எந்திரிக்கும்போது ஊஃப்னு விடுங்க, பிரஷர் உள்ளவங்க முக்கியமா. பிரஷர் கட்டுக்குள்ள இல்லன்னா, கண்புரை ஆபரேஷன் பண்ணி கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா, குடலிறக்கம் இருந்தா, நெஞ்சு வலி வருதுன்னா முதல்ல டாக்டர். மறுநாள் தொடை பிடிச்சுக்கிட்டா பரவாயில்ல, மூட்டுக்குள்ள குத்துனா நிறுத்துங்க. 400 ரூபாய் எல்லாராலயும் முடியாது, எனக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021லேர்ந்து வீட்டுக்கே வந்து பிசியோ பண்றாங்க, நடமாட முடியாம வீட்டுல இருக்கறவங்களுக்கு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க. அப்புறம் கைப்பிடி பலம் குறைஞ்சவங்களுக்கு ஆயுசு குறையுதுன்னு 17 நாட்டுல ஒண்ணே கால் லட்சத்துக்கு மேல ஆளுங்களை வெச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி 2015ல வந்துச்சு, இந்தியாவும் அதுல உண்டு, அதைப் படிச்சுட்டு எங்க பெரியப்பா ஒரு ஸ்பிரிங் கிரிப்பரை வாங்கி சோபாவுல சாஞ்சுக்கிட்டு நாள்பூரா அமுக்கிக்கிட்டிருக்காரு. பெரியப்பா, கைப்பிடி ஒரு மீட்டர் மாதிரி. மீட்டரை அமுக்குனா வண்டி ஓடாது, எந்திரிங்க.

இந்த வாரம் அம்மாவுக்கு பிசியோ பொண்ணு திரும்ப 30 செகண்ட் டெஸ்ட் வெச்சுச்சு. அம்மாவுக்கு இப்போ 80. சேர் மட்டும், தலகாணி இல்ல, கை நெஞ்சுல. ஒம்பது. பத்தாவதுக்கு முன்னாடி சாஞ்சுக்கிட்டிருக்கும்போதே போன்ல மணி அடிச்சுருச்சு.

"80 தாண்டுனா 9 போதும் பாட்டி, நீங்க பாஸ்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

"முதல்ல பத்துன்னுதானே சொன்ன?"

"அது 79 வரைக்கும் பாட்டி. வயசானா குறைச்சுக்கலாம்."

அம்மா ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கிட்டாங்க. "அதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த மணி சீக்கிரம் அடிச்சுருச்சு. திரும்ப வை."